பிரசவத்துக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

பொண்ணு தலைப்பிரசவத்துக்கு ஊட்டுக்கு வர்றான்னா, நாட்டுல இருக்கற அப்பனுங்க எல்லாம் தொட்டில் வாங்குவாங்க, கறவைமாடு ஏதாச்சும் கெடைக்குதான்னு விசாரிப்பாங்க. ஒண்ணும் தெரியாதவங்க சும்மாவாச்சும் இருப்பாங்க. நான் ஜீப்புக்கு சூப்பர்சார்ஜர் வாங்குனேனுங்க.

சொல்றதுக்கே கூச்சமாத்தான் இருக்குது. அம்பதைத் தாண்டுன ஆளு, மீசை பாதி வெளுத்த ஆளு, ரேஸுக்குப் போற பசங்க வாங்கற சாமானை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு சேலத்துல இருந்து பஸ்ல மலையேறி வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, "என்னங்க இது, மாவு மிஷினா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்றது?

ஆசையில வாங்கலீங்க. பயத்துல வாங்குனேன்.

எங்க ஊட்டுக்கு, ஏற்காட்டுல மாரமங்கலம் போற ரோட்டுல இருந்து கீழ இறங்கணும். இறங்கற பாதையில பாதி சிமெண்ட்டு, பாதி மண்ணு. நடுவுல ஒரு வளைவு இருக்குது. வளைவுக்கு ஒரு பக்கம் மண்மேடு, இன்னொரு பக்கம் காப்பித் தோட்டம் சரிஞ்சு கீழ போகும். அந்த எடத்துல நின்னா சில்வர் ஓக் மரத்தோட உச்சி நம்ம கண்ணு மட்டத்துல ஆடும். அந்த மரம் தென்னையைத் தாண்டுன உசரம். அப்படின்னா வேர் எங்க இருக்குதுன்னு நீங்களே நெனச்சுப் பாத்துக்குங்க. நான் நெனச்சுப் பாக்கறதில்ல.

ஒரு மழைக்காலத்துல மிளகு மூட்டை ஏத்திக்கிட்டு அந்த வளைவுல ஏறறப்ப, எஞ்சின் மூச்சு வாங்கி நின்னு போச்சு. வண்டி பின்னால நழுவுச்சு. கூட வந்த ஆளு குதிச்சு எறங்கி டயருக்குப் பின்னால முட்டுக்கட்டையைத் தள்ளுனாரு. அதுக்கப்பறம்தான் நின்னுச்சு. அன்னியில இருந்து அந்த வளைவு வந்தா என் கண்ணு முன்னால பாக்காது, பின்கண்ணாடியைத்தான் பாக்கும். ஆனா நான் ஜீப்பு ஓட்டற ஆளு. வாடகைக்கு சவாரி அடிக்கற ஆளு. பயம்னு வெளிய சொன்னா எவன் ஏறுவான்? அதனால வளைவு வர்றப்ப எல்லாம் ஏதாச்சும் ஜோக்கு சொல்லுவேன். எங்க ஜனங்க நான் நொம்ப தமாஷான ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

முட்டுக்கட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். எங்க மலையில ஜீப்பு வெச்சிருக்கறவங்க எல்லாரும் சீட்டுக்கு அடியில ஆப்பு மாதிரி செதுக்குன ஒரு பலாக்கட்டை வெச்சிருப்போம். மேட்டுல வண்டி நின்னா டயருக்குப் பின்னால அதைத்தான் வெக்கணும். ஹேண்ட் பிரேக்குன்னு ஒண்ணு எல்லா ஜீப்புலயும் இருக்கும், மஞ்சப்பையை மாட்டறதுக்கு. அதை நம்பி எவனும் எறங்க மாட்டான். ஆயுத பூஜை அன்னிக்கு வண்டிக்குப் பொட்டு வெக்கறப்ப அந்தக் கட்டைக்கும் ஒரு பொட்டு வெப்போம். அது இல்லாம வண்டி எடுக்கறது, செருப்பில்லாம காப்பித் தோட்டத்துல நடக்கற மாதிரி. ஒண்ணும் ஆகாது, ஆகற வரைக்கும்.

சரி, பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை. வளைகாப்பு முடிஞ்சு பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றதுன்னு பேச்சு ஆனப்ப மாப்பிள்ளை போன் பண்ணுனாரு. நல்ல பையன், மரியாதையான பையன். ஆனா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"மாமா, மழை நேரத்துல வலி வந்துச்சுன்னா, வண்டி அந்த மேட்டுல ஏறுமுங்களா?"

"ஏன் மாப்ள, நம்ம வண்டியப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"ன்னு சிரிச்சேன்.

"தெரியும் மாமா. அதான் கேட்டேன்"னு சொன்னாரு.

அன்னிக்குப் போனை வெச்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆம்புலன்ஸ் ரோடு வரைக்கும்தான் வரும், கீழ எறங்காது. அந்த ரோட்டுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேக்கறது என் வேலை. கண்ணை மூடுனா போதும், வளைவு, மழை, பின்னாடி சீட்டுல பொண்ணு, வண்டி நழுவுது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர், "வண்டி போகலைன்னா தூளி கட்டித் தூக்கிக்கலாமுங்க, எங்க சித்தியை அப்படித்தான் தூக்கிட்டுப் போனோம்"னு ஆறுதல் சொன்னாரு. அவங்க சித்தி திரும்பி வந்தாங்களான்னு நான் கேக்கல. கேக்கறதுக்குப் பயம்.

அப்பத்தான் போன்ல அந்த வீடியோவைப் பாத்தேன். ஒரு வெள்ளைக்காரன், பழைய எஞ்சின் ஒண்ணு, அதுக்கு மேல சூப்பர்சார்ஜர். அது என்னன்னா, எஞ்சின் சுத்தறப்ப பெல்ட்டுல கூடவே சுத்தி, காத்தைப் பிடிச்சு உள்ள அமுக்கற ஒரு பம்பு. சாதா எஞ்சின் தானா மூச்சை இழுத்துக்கும். இதுக்கு நாம ஊதி விடறோம். காத்து கூடும், பெட்ரோல் கூடும், இழுவை கூடும். வெள்ளைக்காரன் பேசுனது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. புரியாத பாதியிலதான் முக்கியமான விஷயம் இருந்துச்சுன்னு அப்பறமாத் தெரிஞ்சுது.

எப்படியும் எஞ்சினைக் கழட்டி வேலை பாக்க வேண்டியிருந்துச்சு. கழட்டறதே கழட்டறோம், எஞ்சினையே பெருசு பண்ணிட்டு அதுக்கு மேல இதை மாட்டுனா? அங்க ஆரம்பிச்சுதுங்க போர், ஸ்ட்ரோக்கு. போர்னா சிலிண்டர் ஓட்டையோட அகலம். ஸ்ட்ரோக்குன்னா அதுக்குள்ள பிஸ்டன் மேல கீழ போயிட்டு வர்ற தூரம். ஊட்டுல முறுக்குப் புழிஞ்சுக்கிட்டு இருந்தப்ப எங்க ஊட்டம்மாவுக்கு இதை விளக்குனேன்.

"இந்தா பாரு புள்ள, இந்த முறுக்குக் குழாய் இருக்குதில்ல, இதோட அகலம் போரு. நீ கையில அமுக்கறயே, அந்தத் தூரம் ஸ்ட்ரோக்கு. ரெண்டுல எதைப் பெருசு பண்ணாலும் மாவு நெறையாப் புடிக்கும்."

"செரிங்க. பெருசு பண்ணா மேடு ஏறுமா?"

"ஏறும்."

"ஏறலைன்னா?"

அந்த "ஏறலைன்னா"வுக்குப் பதிலா, மனக்கணக்குல போரை ஒரு சைஸ் கூட்டுனேன்.

இது கேலி இல்லீங்க, நெசமாவே அப்படித்தான் நடந்துச்சு. பெருசு பண்ணுன ஓட்டைக்குப் போடற ஓவர்சைஸ் பிஸ்டன் படிப்படியா வரும். மொத சைஸ், ரெண்டாவது சைஸ், மூணாவது, அப்பறம் கடைசி. கடைசிக்கு மேல சிலிண்டர் சுவத்துல கடைய எடம் இருக்காது. மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு மொத சைஸு. ஊட்டம்மா "ஏறலைன்னா"வுக்கு ரெண்டாவது. பக்கத்துத் தோட்டத்துச் சித்திக்கு மூணாவது. அந்த வாரம் ஸ்கேன் எடுத்துட்டு வந்து பொண்ணு போன்ல, "அப்பா, கொழந்தை நல்ல வெயிட்டாமா"ன்னு சிரிச்சா. நான் கடைசி சைஸுக்குப் போயிட்டேன்.

ஏற்காடு பஜார்ல மளிகைக்கடை வெச்சிருக்கற பாய் ஒருத்தர் எனக்குச் சினேகிதம். மிளகு, காப்பி எடுத்துக்கிட்டுப் போனா அவரு கடை வாசல்ல டீ குடிக்காம நான் வந்ததில்ல. கடைக்கு மேல ஒரு ரூம் இருக்குது. அவரு தம்பி குடும்பம் அதுல இருந்துச்சு, சேலத்துக்கு எறங்கிப் போயிட்டாங்க. இப்ப சன்னல்ல ஒரு பூனை மட்டும் உக்காந்திருக்கும். நான் டீயைக் குடிச்சுக்கிட்டு, அந்தப் பூனையைப் பாத்துக்கிட்டு, பாய்கிட்ட எஞ்சின் கதை பேசுவேன்.

"என்னங்க இஞ்சினியரே, இன்னிக்கு ஓட்டை எவ்வளவு?"ம்பாரு பாய்.

"கடைசி சைஸு பாய்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் ஸ்ட்ரோக்கு இருக்குதில்ல. அதையும் கூட்டப் போறேன்."

"அடேயப்பா. பொண்ணை ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க, நெலாவுக்கு இல்லையே?"

கடையில நின்ன அத்தனை பேரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். உள்ளுக்குள்ள ஒண்ணும் சிரிக்காது.

ஸ்ட்ரோக்கைக் கூட்டணும்னா கிராங்கை மாத்தணும். பிஸ்டனை மேல கீழ ஆட்டற தண்டு அது. எங்க ஜீப்பு எஞ்சினுக்கு அண்ணன் மாதிரி கொஞ்சம் பெரிய எஞ்சின் ஒண்ணு உண்டு. அதோட கிராங்கு இதுல உக்காரும், பிஸ்டன் கூடுதல் தூரம் போயிட்டு வரும். மெதுவாச் சுத்தறப்பவே நல்ல இழுவை கெடைக்கும், மேட்டுக்கு அதுதான் வேணும். இதெல்லாம் தப்பில்ல. தப்பு எங்கன்னா, இதுல ஏதோ ஒண்ணைப் பண்ணியிருக்கணும். நான் எல்லாத்தையும் பண்ணுனேன். பயந்தவன் பந்தியில உக்காந்தா இப்படித்தான், எதையும் வேண்டாம்னு சொல்லத் தெரியாது.

சேலத்துல நமக்குத் தெரிஞ்ச லேத்துக்காரர் ஒருத்தர் இருக்காரு. சத்தமாப் பேசுவாரு, பெருமை நொம்ப அடிப்பாரு. எஞ்சின் பிளாக்கைத் தட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு.

"ஏனுங்க, ஓட்டையைப் பெருசு பண்ணுங்க, இல்ல காத்தை அடிங்க. ரெண்டும் எதுக்கு? கடைசி சைஸு கடைஞ்சா ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல சுவரு விரலு தடிமன்கூட இருக்காதுங்க. அதுக்கு மேல காத்தை அமுக்குனா, மூடிக்கு அடியில கசியாம அடைக்கற கேஸ்கட்டு எங்க நிக்கும்?"

"அப்ப பண்ண வேண்டாங்கறீங்களா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" கையைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "நான் இதுவரைக்கும் இப்படி ஒண்ணு பண்ணதில்ல. எனக்கும் என்ன ஆகுதுன்னு பாக்கணும்னு ஆசையாத்தான் இருக்குது."

இன்னொண்ணும் சொன்னாரு. போரும் ஸ்ட்ரோக்கும் கூடுனா உள்ள போற காத்து கூடும், ஆனா மேல ஹெட்டுங்கற மூடிக்குள்ள அது நசுங்கற எடம் பழைய எடமேதான். சூப்பர்சார்ஜர் வேற அமுக்குனா சூடு எகிறிப்போகும். அதுக்குத் தலையில பள்ளம் வெச்ச பிஸ்டன் போடணும், சொல்லி வெச்சா வரும், ஆனா நாளாகும்னு சொன்னாரு. பொண்ணு வர்ற நாளு கிட்ட வந்துடுச்சு. வண்டி லேத்துல கெடக்க, பொண்ணு ஊட்டுல கெடந்தா? "இருக்கற பிஸ்டனையே போடுங்க"ன்னுட்டேன். ரெண்டு பயத்துல பெரிய பயம் எதுவோ அது சொல்றதைக் கேக்கறது என் பழக்கம்.

வண்டி வந்துச்சு. காலி வண்டியா அந்த மேட்டுல ஏத்திப் பாத்தேன். அட, என்னத்தச் சொல்ல! ஊன்னு ஒரு ஊளை போட்டுக்கிட்டு, வளைவைத் தாண்டி, ரோட்டுல போய் நின்னதுக்கப்பறம்தான் ஏறிட்டோம்னே தெரிஞ்சுது. கீழத் தோட்டத்து நாயெல்லாம் பதிலுக்கு ஊளையிட்டுச்சு. நான் வண்டியை விட்டு எறங்கி ரோட்டுல நின்னு, வாழ்க்கையில மொத தடவையா அந்த வளைவை மேல இருந்து நல்லாப் பாத்தேன்.

அந்தச் சந்தோஷத்துலதான் அதைப் பண்ணுனேன். சீட்டுக்கு அடியில கெடந்த முட்டுக்கட்டையை எடுத்து, "இனி இது எதுக்குப் புள்ள, இந்த வண்டிக்கு?"ன்னு ஊட்டம்மா முன்னாடி வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்துல போட்டேன். கட்டை வெச்சிருந்தா எஞ்சின் மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தமாகிப் போகும்னு எனக்கு ஒரு நெனப்பு. பொண்ணு வந்த மறுநாள் எண்ணெய் தேச்சுக் குளிச்சா. அவ குளிச்ச வெந்நீருக்கு அந்தக் கட்டைதான் எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுதுன்னு ஊட்டம்மா சொன்னா. காஞ்ச பலா இல்லீங்களா.

பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்த அன்னிக்கே எனக்கு ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. அவ, அவ பெட்டி, நாங்க ரெண்டு பேருன்னு வண்டியில ஆளு ஏறுனப்ப, எஞ்சினுக்குள்ள இருந்து ஒரு சத்தம். டப்பாவுக்குள்ள கூழாங்கல்லு போட்டுக் குலுக்கற மாதிரி. ஏத்தத்துல மட்டும் வரும், எறக்கத்துல வராது. என்ன சத்தம்னு எனக்குத் தெரியும். உள்ள சூடு தாங்காம பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல வெடிக்கற சத்தம்.

"என்னப்பா இது, வண்டி அழுவுது?"ன்னா பொண்ணு.

"அழுகை இல்ல சாமி. பவரு."

அவ வயித்துல கையை வெச்சுக்கிட்டு சிரிச்சா. நான் கண்ணாடியில அவ கையையே பாத்துக்கிட்டு ஓட்டுனேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்ன பண்றது? எஞ்சினைத் திரும்பக் கழட்டறதா? கழட்டுன நேரத்துல வலி வந்தா? அதுக்கப்பறம் நான் வண்டியை எடுக்கவே பயந்தேன். எடுக்காம இருந்தா ஸ்டார்ட் ஆகாதோன்னு அதுக்கும் பயம். காலையில எந்திரிச்சு வண்டிக்கிட்டப் போயி, பானெட்டைத் தொட்டுப் பாத்துட்டு வருவேன். காய்ச்சல் வந்த கொழந்தைக்கு நெத்தியைத் தொட்டுப் பாப்பமே, அந்த மாதிரி.

வலி ஒரு மத்தியானத்துல வந்துச்சு. மூட்டம் எறங்கி, முன்னால நிக்கற ஆரஞ்சு மரம்கூட மங்கலா இருந்த நேரம். தூறல் வேற. உள்ள இருந்து ஊட்டம்மா குரல் வந்துச்சு. "ஏனுங்க!" அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில எல்லாம் இருந்துச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, ரோட்டுக்கு வர்றதாச் சொன்னாங்க. அது வர்றதுக்குள்ள மேல ஏறிடணும்.

பொண்ணைப் பின்னால உக்கார வெச்சு, ஊட்டம்மா அவளைப் புடிச்சுக்கிட்டா. நான் மொத கியர் போட்டு ஏறுனேன். சூப்பர்சார்ஜர் ஊளை போட்டுச்சு. கல்லு குலுங்குச்சு. "ஏறுது கண்ணு, ஏறுது, ஏறுது"ன்னு நான் சொல்லிக்கிட்டே வந்தேன். அவளுக்குச் சொன்னனா, வண்டிக்குச் சொன்னனான்னு இன்னிக்கும் தெரியல. ஜோக்கு ஒண்ணும் வாயில வரல.

சரியா வளைவுல, டப்புன்னு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லீங்க. குக்கர்ல வால்வு போன மாதிரி. முன்னால வெள்ளையா ஆவி கெளம்புச்சு, மூட்டம் எது, ஆவி எதுன்னு தெரியல. ஊளை நின்னுச்சு. எஞ்சினும் நின்னுச்சு. அந்த மெலிசுச் சுவத்து மேல உக்காந்திருந்த கேஸ்கட்டு, எந்த எடத்துல போகும்னு லேத்துக்காரர் சொன்னாரோ அதே எடத்துல போயிருந்துச்சு. அதை அப்பறமாக் கழட்டித்தான் பாத்தோம். அப்ப எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. வண்டி பின்னால போகுது.

ரெண்டு காலையும் பிரேக்குல வெச்சு மிதிச்சேன். ஈர சிமெண்ட்டுல டயர் தேச்சுக்கிட்டுப் போயி நின்னுச்சு. கண்ணாடியில பாத்தேன். ரோடு தெரியல. சில்வர் ஓக் உச்சி தெரிஞ்சுது.

"கட்டை எங்கீங்க?"ன்னா ஊட்டம்மா.

கேட்ட ஒடனே அவளுக்கே ஞாபகம் வந்துடுச்சு. எறங்கி ஓடி, மண்மேட்டுல இருந்து ஒரு கல்லைப் பேத்து உருட்டிக்கிட்டு வந்து டயருக்குப் பின்னால வெச்சா. உருண்டைக் கல்லு. ஈரம் வேற. கியர்ல போட்டு விட்டா நல்ல எஞ்சின் வண்டியைப் புடிச்சு நிறுத்தும். கேஸ்கட்டு போன எஞ்சின்ல பாதிப் பிடிப்புகூட இல்ல. பிரேக்குல இருந்து காலைக் கொஞ்சம் தளர்த்திப் பாத்தேன். கல்லு கருக்குன்னு நகந்துச்சு. பின்னால பொண்ணு "அம்மா"ன்னா. அது வலியில சொன்னதா, பயத்துல சொன்னதான்னு தெரியல. மறுபடி மிதிச்சேன்.

"எறங்கு கண்ணு"ன்னேன். "எறங்கிடு சாமி. மெதுவா, அந்த மேட்டுப் பக்கமா எறங்கு."

"நீங்க?"

"நான் காலை எடுக்க முடியாது. நீ எறங்கு."

அவ எறங்குனா. வண்டி ஒரு தடவ ஆடுச்சு, நின்னுச்சு. எங்க ஊட்டம்மா அவ இடுப்பைச் சுத்திப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் வண்டியைத் தாண்டி முன்னால நடந்தாங்க. வலி வர்றப்ப நின்னு மண்மேட்டுல கையை ஊனிக்குவா, அது போனதும் நடப்பா. என் பொண்ணு, அவ்வளவு பெரிய வயித்தோட, ஈர சிமெண்ட்டுல, எந்த மேட்டுக்காக நான் போரும் ஸ்ட்ரோக்கும் பாத்தனோ அதே மேட்டுல, ரெண்டு காலால ஏறிப் போறா. நான் பின்னால உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அப்பறம் மூட்டம் ரெண்டு பேரையும் மூடிருச்சு.

அதுக்கப்பறம் எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாதுங்க. அந்த வளைவுல டவர் கெடைக்காது, போன் சும்மா பாக்கெட்டுல கெடந்துச்சு. மேல இருந்து ஒரு பஸ்ஸு ஹாரன் கேட்டுச்சு. அப்பறம் யாரோ கத்தற சத்தம். என்ன கத்தறாங்கன்னு தெரியல. நல்லதுக்கா, கெட்டதுக்கா? அப்பறம் பஸ்ஸு கெளம்பற சத்தம், நிறுத்தாம ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது. அதுல அவ இருக்காளா, ரோட்டோரத்துல கெடக்கறாளா? எறங்கி ஓடிப் பாக்கலாம். கால எடுத்தா வண்டி போயிடும், போனாப் போகட்டும்னுகூட நெனச்சேன். ஆனா நேரா கீழ எங்க ஊட்டுக்குப் பக்கத்துல பாறையில காப்பி காயப்போடற எடத்துல யாராச்சும் இருந்தா? மூட்டத்துல தெரியுமா? காலு நடுங்க ஆரம்பிச்சுது. ஒரு காலை மாத்தி இன்னொரு கால். அது நடுங்குனா ரெண்டு கால். எஞ்சின் ஆறறப்ப டிக்கு டிக்குன்னு சத்தம் வரும். ஒவ்வொரு டிக்குக்கும் கல்லுதான் நகருதுன்னு நெனச்சேன். கும்பிட்ட சாமிங்க எல்லாத்தையும் கூப்புட்டேன். மலை உச்சியில இருக்கற எங்க சேர்வராயன் சாமிகிட்ட, "இந்தப் பம்பை உனக்கே காணிக்கையாக் குடுத்துடறேன்"னுகூட வேண்டிக்கிட்டேன். சாமிக்கு அது எதுக்குன்னு அப்பத் தோணல.

கடைசியில, எஸ்டேட்டுல வேலை முடிஞ்சு வந்த நாலஞ்சு பொம்பளைங்க தலையில வெறகோட மூட்டத்துக்குள்ள இருந்து வந்தாங்க. என்னைப் பாத்துட்டு நின்னாங்க.

"ஏனுங்க, இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

"அம்மா, காலை எடுக்க முடியாதும்மா. டயருக்கு ஏதாச்சும் வெய்யுங்க."

"கட்டை எங்கீங்க?"

"இல்லீங்க."

"மலையில ஜீப்பு ஓட்டறீங்க, கட்டை இல்லையா?"ன்னு ஒரு அம்மா சிரிச்சாங்க. ஆனா வெறகைப் போட்டுட்டு, அதுலயே நல்ல தடிக் கட்டையாப் பாத்து ரெண்டு டயருக்கும் வெச்சுக் குடுத்தாங்க. "ஆம்புலன்ஸ் வந்து சேரலீங்க, பொண்ணை பஸ்ஸுல ஏத்திட்டாங்க. டிரைவர் எங்கயும் நிறுத்தாமப் போறாரு. போங்க"ன்னு அவங்கதான் சொன்னாங்க. நான் காலை எடுத்தேன். வண்டி நகரல. கீழ எறங்குனேன். அவ ஏறுன மேட்டுலயே ஏறி ரோட்டுக்கு ஓடுனேன்.

மஞ்சக்குட்டைப் பக்கத்து ஜீப்பு ஒண்ணு வந்துச்சு, ஏறிக்கிட்டேன். நசுங்கற கூட்டம். என் காலுக்கடியில ஏதோ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா, பொட்டு அழிஞ்சு போன முட்டுக்கட்டை. ஏற்காடு வர்ற வரைக்கும் அது மேல இருந்து நான் காலை எடுக்கல.

ஆஸ்பத்திரி வாசல்ல பாய் ஒரு பிளாஸ்க்கோட நிக்கறாரு. பஸ்ஸு பஜார் வழியாப் போனப்ப கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டே கத்திச் சொல்லிட்டுப் போனாராம். பாய் மொகத்தைப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு. அவரு சிரிச்சாரு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பேத்தி பொறந்திருந்தா. நல்ல வெயிட்டு. பொண்ணு அசந்து படுத்திருந்தா. என்னைப் பாத்ததும், "காலை எடுத்துட்டீங்களாப்பா?"ன்னா. தலையாட்டுனேன். ஊட்டம்மா என் கையில இருந்த கிரீஸைப் பாத்துட்டு, கொழந்தையைத் தொட விடல. கையைக் கழுவிட்டு வாங்கன்னு தொரத்திட்டா.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தேன். பாய் டீ ஊத்திக் குடுத்தாரு. நடந்ததெல்லாம் சொன்னேன். போரு, ஸ்ட்ரோக்கு, மெலிசுச் சுவரு, கேஸ்கட்டு, அடுப்புல எரிஞ்ச கட்டை, எல்லாத்தையும். எங்க தப்பு பண்ணுனேன்னு கணக்குப் போட்டுக்கிட்டே போனேன். ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டியிருந்தா போதும் பாய், போரைத் தொட்டிருக்கக் கூடாது, சூப்பர்சார்ஜர் இருக்கறப்ப சுவரு தடிமனா இருக்கணும், பள்ளம் வெச்ச பிஸ்டனுக்குக் காத்திருந்திருக்கணும்னு பேசிக்கிட்டே இருந்தேன்.

பாய் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, பிளாஸ்க்கு மூடியைத் திருகி மூடுனாரு.

"என் கடை மாடி ரூம் ஒரு வருஷமாக் காலியாக் கெடக்குது. அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டுத்தான் தெனம் என் டீயைக் குடிச்சீங்க. ஒரு மாசத்துக்குப் பொண்ணை இங்க வந்து இருக்கச் சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்திருப்பா. உங்களுக்குப் பேச வேற விஷயமே கெடைக்கலையாங்க?"